பொய்மீன் வயிற்றில் ஈயம்

சத்தியமாகச் சொல்கிறேன், சத்தமாகவே சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் நாக்கில் கெளுத்தி முள் குறுக்காக ஏறட்டும், நான் சாகிற அன்றைக்குக் கோயில் மணி அடிக்கிறவனுக்குக் கை சுளுக்கிக்கொள்ளட்டும். திருக்கை மீன் முதுகில் ஏறி அக்கரைக்குக் கச்சேரி கேட்கப் போன கதையை நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தீர்கள். சரி, அதில் கச்சேரியை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். இது அப்படி இல்லை. இது தார்சியூஸ் தன் வீட்டுப் பின்னால், பூவரசு நிழலில், சிமெண்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பொய்மீனின் வயிற்றில் ஈயத்தை வைத்து வைத்து எடுத்த ஒரு மத்தியானத்தின் கதை. மரத்தில் மீன் செய்து கடலில் இழுத்துப் போனால் அதை நிஜமென்று நம்பிச் சீலா மீன் வந்து கவ்வும், அதுதான் பொய்மீன். தார்சியூஸ் செய்வது சீலாவை மட்டுமா ஏமாற்றும்? அவன் பெண்டாட்டி பிரகாசி ஒரு தடவை அவன் செய்ததை நிஜ மீன் என்று செதிள் உரசி, உப்பு தடவி, கூரையில் காயப்போட்டாள். பூனை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று தெரு தாண்டி வேறொரு பூனையோடு சண்டை போட்டது. கண்ணால் பார்த்தேன். அப்பேர்ப்பட்டவனுக்கு அன்றைக்கு ஒரு சாண் மரமீனைத் தண்ணீரில் நிமிர்த்தி வைக்க முடியவில்லை. அவன் தலைக்குள் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.

பொய்மீன் மறுபடியும் சாய்ந்தது. முள்முருங்கைக் கட்டையில் செதுக்கி, மேலே வெள்ளிக் காகிதம் சுற்றி, சட்டைப் பொத்தானில் கண் வைத்து, வாய்க்குக் கீழே தகரத்தில் ஒரு நாக்கு, தண்ணீரைத் தள்ளி மீனை ஆட்டிவைப்பது அந்த நாக்குதான், இத்தனையும் சரியாக வந்துவிட்டது, வயிற்றில் குடைந்த குழிக்குள் ஈயம் மட்டும் தன் இடத்துக்கு வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் முன்னால் தள்ளினால் மூக்கைக் குத்திக்கொண்டு போகிறது. பின்னால் தள்ளினால் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நடுவில் வைத்தால் முதலில் நிற்பது மாதிரி நிற்கிறது, நின்று ஒரு மூச்சு விடுகிற நேரம் போன பிறகு, யாரோ காதில் கெட்ட சேதி சொன்னது மாதிரி, இடதுபக்கமாக மெல்ல மெல்லச் சாய்ந்து வயிற்றைக் காட்டுகிறது. வயிற்றைக் காட்டுவது செத்த மீன். சீலா செத்ததைத் தொடாது. அதற்கு வேண்டியது அடிபட்ட மீன், உயிர் போகாத மீன், நிமிர்ந்து நிற்கவும் வேண்டும், நின்றபடியே தள்ளாடவும் வேண்டும். நின்றபடியே தள்ளாடுவது. அவன் நினைப்பு அந்த இடத்தில் முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றுவிட்டது. இழுத்தால் கிழியும். அவன் இழுக்கவில்லை. மீனை எடுத்தான், வயிற்றை அடைத்திருந்த மெழுகைக் கத்தி முனையால் நோண்டினான், கோயில் மெழுகுவர்த்தியின் அடித்துண்டு, வெயிலில் இளகி அந்த வாசனை வந்தது, அடக்கத்துக்குப் போன வீட்டின் வாசனை, யாருடைய அடக்கம், நினைவில்லை, எல்லா அடக்கத்துக்கும் ஒரே வாசனைதானே, எனக்கும் இதுதான், இதே மெழுகு, இதே திரி என்று நினைத்தான். ஈயம் விரலில் பட்டுச் சுட்டது. இவ்வளவு சின்ன ஒன்று. ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. அது ஒரு நெல் அளவு நகர்ந்தால் மீன் செத்துவிடுகிறது.

காதுக்குள்ளும் கல் இருக்கிறதாம். டவுனில் காது டாக்டர் சொன்னார், நூல் வாங்கப் போகிறேன் என்று பிரகாசியிடம் சொல்லிவிட்டு அவன் போன டாக்டர், சட்டைப் பையில் பேனா கசிந்து நீலமாக இருந்த டாக்டர். காதுக்குள்ள பொடிப்பொடியா கல்லு இருக்கு, மணல் மாதிரி, அதுதான் உங்களை நேரா நிக்கவைக்குது, உங்களுக்கு அது இடம் மாறிப்போச்சு. கட்டிலில் படுக்கவைத்துத் தலையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார், குலுக்கிப் பார்க்கிற தேங்காய் மாதிரி, எழுந்தபோது உலகம் நின்றிருந்தது, நின்ற உலகம் எவ்வளவு நல்ல உலகம், அந்த டாக்டருக்கு ஒரு பெரிய சீலாவைக் கொண்டுவந்து தரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினான். ஊர் நிறுத்தத்தில் இறங்கிக் காலை வைத்தால் தார்ரோடு அலை மாதிரி எழும்பி முகத்துக்கு வந்தது. மறுபடியும் போனான், மறுபடியும் திருப்பினார், மறுபடியும் வந்தது. அடிக்கடி வரும்போல, சிலருக்குச் சரியாகுறதில்ல, கடலுக்கெல்லாம் போகாதீங்க என்றார். கடலுக்கெல்லாம். டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி. பிறகு எங்கே போவது? பிறந்ததிலிருந்து அவன் வேறு எங்கேயாவது போயிருக்கிறானா? உள்ளே ஒரு ஈயக்குண்டு உருள்கிறது, இப்போதுகூட, தலையைக் குனிந்தால் நெற்றிப் பக்கம் வருகிறது, நிமிர்ந்தால் பிடரிக்குப் போகிறது, கூடவே ஒரு இரைச்சல், தூரத்தில் போகிற வள்ளத்தின் இஞ்சின் மாதிரி. என்னையும் ஒருத்தன் தொட்டிக்குள் போட்டுப் பார்க்கிறான், வைக்கத் தெரியாதவன், நோண்டி நோண்டி வைக்கிறான், சாய்கிறது, எடுக்கிறான்.

அவன் ஈயத்தை வலதுபக்கம் ஒரு மயிரிழை தள்ளி மெழுகை உருக்கி ஊற்றினான். மெழுகு இறுகுகிறவரை காத்திருக்கவேண்டும். காத்திருப்பதுதான் ஆபத்து, கை சும்மா இருந்தால் அந்தக் காலைநேரம் வந்துவிடும், வந்துவிட்டது. வலேரியனின் வள்ளம், கடல் எண்ணெய் மாதிரி அமைதி, ஆடுவதற்கு ஒரு காரணமும் இல்லாத கடல். வலேரியன் பிரகாசியின் தம்பி, அவனுடைய வள்ளத்தில் பின்பக்கம் நின்று தூண்டில் கயிறு பிடிப்பவன் தார்சியூஸ். நின்றுதான் பிடிக்கவேண்டும், அது அந்தக் கரையின் வழக்கம், உட்கார்ந்து பிடித்தால் சீலாவும் அடியிலே உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள், கால் உடைந்தவன்கூடக் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றே பிடித்திருக்கிறான், உட்காருகிறவனுக்கு அந்த இடம் இல்லை. அன்றைக்குக் கயிறு கையில் இருந்தது, வானம் இடதுபக்கமாக வழுக்கியது, அடுத்து அவனுக்குத் தெரிந்தது ஐஸ்பெட்டியின் மூலையும் அவன் வாயில் மீன் இரத்தமும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன், "என்னவே, கருக்கல்லயே ஏத்திட்டீரா?" என்றான். சிரித்தார்கள். அப்போது தார்சியூஸும் சிரித்தான், சிரித்து, "கொஞ்சமா" என்றான். அந்த ஒரு சொல். வாழ்நாளில் குடித்தறியாதவன் வாயில் அது எங்கிருந்து வந்தது? கொஞ்சமா. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, ஆனால் நாக்கு முட்டாள் இல்லை, நாக்குக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. குடிகாரனுக்கு வள்ளத்தில் இடம் உண்டு, திட்டிக்கொண்டே ஏற்றுவார்கள், நாளைக்குத் தெளிவான் என்று ஏற்றுவார்கள். தலைசுற்றுகிறவனை ஏற்றமாட்டார்கள். தலைசுற்றல் வந்த சவரிமுத்துவைத் திட்டக்கூட இல்லையே, அன்பாக இறக்கிவிட்டார்கள், வலைக்கொட்டகையில் ஒரு பலகை போட்டு உட்காரவைத்தார்கள், போகிறவன் வருகிறவன் எல்லாம் பாவம் என்றான், பாவம் சவரி, பாவம் சவரி, அந்த ஆள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே சுருங்கிப்போனார், கடைசியில் சவப்பெட்டிக்குள் வைத்தபோது பெட்டி பெரிதாக இருந்தது. பாவம் தார்சியூஸ். இல்லை. அந்தச் சொல் வேண்டாம். குடிகாரப் பயல் தார்சியூஸ். அது பரவாயில்லை, அதில் ஒரு தெம்பு இருக்கிறது.

ஆகவே அவன் குடிகாரன் ஆனான். பூவரசுப் பொந்தில் ஒரு சாராயக் குப்பி ஒளித்துவைத்து, வள்ளம் ஏறப் போகும்போது வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவான், கொஞ்சம் சட்டையிலும் தெளித்துக்கொள்வான், வாந்தி வரும் அவனுக்கு, அந்த நாற்றம் ஆகாது. ஆட்டம் நிஜம், வாடை பொய். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. முடிச்சு நன்றாகத்தான் இருந்தது, இரண்டு இடத்தில் மட்டும் அறுத்தது. ஒன்று பிரகாசி. அவள் அப்பா குடித்தே செத்தவர், அந்த வீட்டிலிருந்து வந்தவள், குடிக்காதவன் என்ற ஒரே காரணத்துக்காக இவனைக் கட்டிக்கொண்டவள், இப்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, சோற்றுத் தட்டைத் தரையில் வைக்கிற சத்தத்தில் மட்டும் பேசுகிறாள். இன்னொன்று வலேரியன். இன்று காலையில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். "அத்தான், வெயில் தாழ எறங்குதோம். சீலா கூட்டம் வந்துருக்கு. ஒம்ம கையால ஒரு புது மீனு வேணும், நீருதான் பின்பக்கம் நிக்கணும், ஆனா குடிக்காம நிக்கணும். ஒரு ஆட்டம் ஆடினீரு, அக்கா மாப்ளன்னு பாக்கமாட்டேன். அப்புறம் என் வள்ளத்துல ஒமக்கு எடம் இல்ல." குடிக்காமல் ஆடாமல் நிற்கவேண்டும். குடித்தாலாவது ஆடுவதற்குக் காரணம் இருக்கும். குடிக்காமல் ஆடினால் அந்தச் சொல் வந்துவிடும். ஆடாமல் நின்றுவிடு. எப்படி நிற்பது? இந்த மீன் நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று காலையிலிருந்து அவனுக்குள் ஒரு நினைப்பு உட்கார்ந்திருந்தது. அசட்டு நினைப்பு, மரத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம், அது அவனுக்கும் தெரியும், தெரிந்தும் அதை எழுப்பிவிட மனம் வரவில்லை, மீன் நின்றால் கல் நிற்கும், ஈயம் இடத்துக்கு வந்தால் கல்லும் வரும்.

மெழுகு இறுகிவிட்டது. தொட்டியில் விட்டான். நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, சாயவில்லை. மூக்கில் கட்டிய நூலைப் பிடித்து மெல்ல இழுத்தான், தகர நாக்கு தண்ணீரைத் தள்ளியது, உடம்பு வலது இடது என்று நெளிந்தது, வால் துடித்தது, ஆனாலும் முதுகு வானத்தைப் பார்த்தே இருந்தது. அம்மா தாயே. இழுத்தான், திருப்பினான், தொட்டி ஓரத்தில் மோதவிட்டான், மோதி நிமிர்ந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் துடைக்கத் தொட்டித் தண்ணீரையே ஒரு கை அள்ளினான், அதில் ஒரு சொட்டு உதட்டில் பட்டது, நாக்கு அதை நக்கியது, நக்கிய நாக்கு அப்படியே நின்றது. உப்பு இல்லை. கிணற்றுத் தண்ணீர். அவன் நல்ல தண்ணீரில் மீனை நிறுத்தியிருக்கிறான். தார்சியூஸ், நீயா? முதல் முதலில் தூண்டில் கட்டுகிறவன்கூடச் செய்யாத காரியம். நல்ல தண்ணீர் மீனைத் தன் மடிக்குள் இறக்கிப் பிடித்துக்கொள்ளும், கடல் அப்படிப் பிடிக்காது, எதையும் மேலே தூக்கித் தள்ளும், இங்கே நிமிர்ந்து நிற்பது அங்கே மிதந்து புரளும். எப்போதும் கரையில் போய், அலை திரும்புகிற பள்ளத்தில் நின்றுதானே விட்டுப் பார்ப்பான். இன்றைக்கு ஏன் போகவில்லை? ஏன் என்று தெரியும். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல், மணலில் வலை உலர்த்துகிற ஆட்கள், மணலில் பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது. அதை யோசிக்காமலேயே கால்கள் யோசித்துவிட்டன, தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டன. ஆகக் காலையிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் வீண், நின்றதும் பொய், நின்றபோது வந்த கண்ணீரும் பொய். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கடல் தண்ணீர் வேண்டும். ஒரு வாளி போதும். அதைக் கேட்கிறதுக்கு வீட்டில் ஒரே ஒரு ஆள்தான்.

"ஏ பிரகாசி," என்றான். மறுபடியும் கூப்பிட்டான். அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒரு வாளி கடத்தண்ணி வேணும்." அவள் சுவரிடமே பதில் சொன்னாள். "கடத்தண்ணியா? நாலு எட்டு வச்சா கடலு. போயி மொண்டா காலு தேஞ்சிருமோ?" "கால்ல முள்ளு குத்திருக்கு." "எந்தக் கால்ல?" அவன் குனிந்து இரண்டு காலையும் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. முள் குத்தியவன் எந்தக் கால் என்று தேடமாட்டான். அவள் இறங்கி வந்தாள், முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், இத்தனை நாளைக்குப் பிறகு அவள் முகம் இவ்வளவு பக்கத்தில், மூக்குத்தியைச் சுற்றி வேர்வை. "வாய ஊதுங்க." ஊதினான். பழைய சோறும் வெங்காயமும் தவிர அதில் ஒன்றும் இல்லை. "இன்னொருக்க." ஊதினான். அவள் அவன் கைகளைப் பார்த்தாள், தொட்டி விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த கைகள், விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. "தொட்டிய விடுங்க." அவன் விடவில்லை. "விட்டுட்டு நிமிந்து என்னப் பாருங்க." சின்னப் பிள்ளை மாதிரி விட்டான், தலையைத் தூக்கினான், பூவரசு இடதுபக்கமாக ஓட ஆரம்பித்தது, அவள் முகம் அதன் பின்னால் ஓடியது, அவன் மறுபடியும் தொட்டியைப் பிடித்துக்கொண்டான். "எம்புட்டு நாளா?" என்றாள். அவள் மரத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "அப்ப அந்தக் குப்பி?" அவன் பொந்தைப் பார்த்தான், பிறகு தண்ணீரைப் பார்த்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், செருப்பு இல்லாமல், சுடுமணலில்.

கடல் தண்ணீரை அவள் தொட்டியில் ஊற்றினாள், பழையதைக் கொட்டிவிட்டு. மீனை விட்டான். அது வயிறு மேலாக மல்லாந்தது, வெட்கமே இல்லாமல். நினைத்தது போலவேதான், நினைத்தது நடக்கும்போது மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது? மெழுகை நோண்டினான், ஒரு துணுக்கு ஈயத்தை வெட்டிச் சேர்த்தான், குழியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினான், அவள் எதிரே உட்கார்ந்து மெழுகுத் திரியைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது. இவள் வாயிலிருந்தே அந்தச் சொல் வரப்போகிறது, பாவம் நீங்க என்று, இப்போது வரும், இந்த மெழுகு இறுகியதும் வரும். விட்டான், மூக்கைக் குத்தியது. எடுத்தான். விட்டான். எடுத்தான். கை தானாகச் செய்துகொண்டிருந்தது, எத்தனையாவது தடவை என்று தெரியாது, ஒரு தடவை விட்டபோது மீன் நின்றது. நூலை இழுத்தான், போனது, அடிபட்டும் உயிரோடு இருக்கிற மீனாகப் போனது, நெளிந்தது, தள்ளாடியது, சாயவில்லை. உப்புத் தண்ணீரில். நிஜத்தில். அவன் காத்திருந்தான். காதுக்குள் கல் உருண்டது. இஞ்சின் இரைந்தது. மீன் நின்றுவிட்டது, அவனுக்குள் ஒன்றுமே நிற்கவில்லை. அவ்வளவுதான். மரம் மரம்தான், காது காதுதான், காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அந்த நினைப்பு எழுந்து, முதுகைக்கூடக் காட்டாமல் வெளியே போய்விட்டது. அது போன இடம் எவ்வளவு காலியாக இருந்தது என்று சொல்ல என்னிடம் சொல் இல்லை, பொய் சொல்லியே பழகினவனுக்கு இந்த மாதிரி இடத்தில் வாய் வராது.

வலேரியன் பின்வாசல் வழியாக வந்தான், கையில் கயிற்றுச் சுருள். "அத்தான், ஆளெல்லாம் வந்தாச்சு. மீனு ஆச்சா?" குனிந்து நூலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். "ஏ யப்பா! என்ன அத்தான் இது, நானே கவ்விருவேன் போலருக்கு. இன்னிக்கி சீலா தானா வள்ளத்துக்குள்ள குதிக்கும். எந்திரியும், போவோம்." தார்சியூஸ் இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் வைத்தான். எழுந்துவிடலாம். எழுந்து இவன் தோளில் கை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மணலைக் கடந்துவிடலாம், ஏறியும்விடலாம், அப்புறம் பின்பக்கம் நிற்கவேண்டும், பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கையில் கயிறோடு நிற்கவேண்டும், விழுந்தால் இந்தத் தடவை ஐஸ்பெட்டி இல்லை, கடல். விழட்டும். சவரிமுத்துவின் பலகையில் உட்காருவதற்கு அது மேல். அந்த முடிவு வந்ததும் அவனுக்கு உடம்பு லேசானது. பிட்டத்தைத் தரையிலிருந்து தூக்கினான்.

"அவரு வரமாட்டாரு," என்றாள் பிரகாசி.

"ஏன்?"

"குடிச்சிருக்காரு."

தார்சியூஸ் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலேரியன் குனிந்து முகர்ந்தான். "வாடையே இல்லியேக்கா."

"ஒனக்கு வராதுல. அப்பா வாயத் தெனமும் மோந்தவ நானு. நீ அப்பத் தொட்டில்ல கெடந்த."

வலேரியன் நிமிர்ந்து, பக்கத்தில் துப்பினான். "சொன்னேன்லா அத்தான். தலகீழா நின்னு சொன்னேன்லா." மீனைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தண்ணீரை உதறினான். "இன்னிக்கி வேற ஆளப் போட்டுக்கிடுதேன். அக்கா மொகத்துக்காவச் சொல்லுதேன், தெளிஞ்சப்புறம் வாரும். தெளிஞ்சாத்தான்." போய்விட்டான். போகும்போது அவன் கையில் மீன் வெயிலுக்கு மினுங்கியது.

தெளிஞ்சப்புறம். அப்படியானால் இடம் இருக்கிறது, கதவை மூடவில்லை, ஒருக்களித்து வைத்திருக்கிறான், குடிகாரனுக்காக வைத்திருக்கிறான், தெளியவே முடியாதவனுக்காக. நாளைக்கும் அவன் வருவான், நாளைக்கும் இவள் வாசலில் நின்று இதையே சொல்லவேண்டும், மறுநாளும், அதற்கு மறுநாளும், குடிகாரன் மகளாய்ப் பிறந்து அதிலிருந்து தப்பி வந்தவள் இனிமேல் சாகிறவரை குடிகாரன் பெண்டாட்டியாக இருக்கவேண்டும், அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுக்காமல் தன் தலையில் வாங்கிக்கொண்டாள், இனி பெண்கள் குழாயடியில் சொல்வார்கள், பாவம் பிரகாசி. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். தூரத்தில் இஞ்சின் சத்தம் கேட்டது, இது காதுக்குள் இல்லை, வெளியே. "வள்ளம் போறதப் பாக்கணும்," என்றான்.

அவள் தோளைக் கொடுத்தாள். அவன் எழுந்தான், தரை எழுந்தது, அவள் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். தெருவில் பெண்கள் படியில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கால்களை ஒவ்வொன்றாகக் கவனமாக வைத்தான், நேராக, கோடு போட்ட மாதிரி, உயிரைக் கொடுத்து. அவள் அவன் காதுக்குள் சொன்னாள்: "நேரா நடக்கணும்னு பாக்காதிங்க. ஆளு பாக்குது. நல்லா ஆடியே வாங்க."

ஆடினான். அது அவனுக்குக் கஷ்டமில்லை.

"ஏ பிரகாசி, வெயில் எறங்கும் முன்னேயேவா?" என்றாள் ஒருத்தி.

"என் தலையெழுத்துக்கா," என்று பிரகாசி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

தார்சியூஸ் குடிகாரன், அதிலே உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம், ஊருக்கும் இல்லை. காதில் கல் அது இது என்று நீங்கள் எங்கேயாவது வாயை விட்டால், சாயங்காலத்துக்குள் வலேரியன் காதுக்குப் போய்விடும், ஒருக்களித்த கதவு அறைந்து மூடிவிடும். அதனால் விழுங்கிவிடுங்கள். தொண்டையில் நிற்காது போலிருந்தால், செத்துப்போன எவன் பெயரையாவது சொல்லி அவன் சொன்னான் என்று சொல்லுங்கள், அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் பெயரை மட்டும் இழுக்காதீர்கள், ஐயா. நான் இந்தப் பக்கம் வரவே இல்லை.